திசைவியின் இடைமுகங்களும் ஐபி முகவரியும்

இணையத்தில் செல்லும் தரவுப் பொதிகளை ஒரு வலையமைப்பிலிருந்து இன்னொரு வலையமைப்புக்கு மாற்றிவிடும் கருவி திசைவி. ரவுட்டர் என்ற பெயரே பேச்சில் பரவலாக உள்ளது. அதில் கேபிள் செருகும் ஒவ்வொரு போர்ட்டும் ஓர் இடைமுகம் எனப்படும். வலையமைப்புப் பாடம் படிக்கும் மாணவர் தொடக்கத்திலேயே கற்கும் வேலைகளுள் ஒன்று, இந்த இடைமுகத்துக்கு ஐபி முகவரி இடுவது. சிஸ்கோ வகைத் திசைவி என்றால் இடைமுகத்தின் பெயரைத் தட்டி அதற்குள் நுழைய வேண்டும். பிறகு 'ஐபி அட்ரஸ் 10.1.1.1 255.255.255.0' என்று ஒரு வரி. அதுவரை மூடியிருக்கும் இடைமுகத்தைத் திறக்க 'நோ ஷட்டவுன்' என்று இன்னொரு வரி. அடுத்த இடைமுகத்துக்கு வேறொரு முகவரியுடன் இதே வேலையை மீண்டும் செய்ய வேண்டும்.

நான்கு போர்ட் உள்ள திசைவிக்கு இவ்வாறு நான்கு முகவரிகள் சேர்ந்துவிடுகின்றன. கருவி ஒன்றுதானே, அதற்கு ஒரே முகவரி போதாதா என்று வகுப்பில் ஒரு மாணவராவது கேட்பார். நியாயமான கேள்வி. பாடநூல்கள் பெரும்பாலும் இதைத் தொடாமலே கடந்துவிடுகின்றன. இதற்கான விடை, இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட் பிறந்த 1969-ஆம் ஆண்டில் இருக்கிறது.

போர்ட்டின் எண்ணே முகவரி

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆர்ப்பா அமைப்பு நிதி கொடுத்து உருவாக்கிய ஆர்ப்பாநெட்டில், ஒவ்வொரு நிலையத்திலும் இம்ப் என்ற ஒரு சிறு கணினி வைக்கப்பட்டது. மாசச்சூசெட்ஸில் இருந்த பிபிஎன் நிறுவனம் ஹனிவெல் 516 கணினியைக் கொண்டு இதைச் செய்தது. முதல் இம்ப் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலும், இரண்டாவது ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிறுவனத்திலும் நிறுவப்பட்டன. இன்றைய திசைவியின் வேலையைத்தான் அன்று இம்ப் செய்தது.

தொடக்கத்தில் ஓர் இம்ப்புடன் நான்கு கணினிகள் வரை இணைக்கலாம். ஒரு கணினியைக் குறிக்க 8 பிட் அளவுள்ள எண் பயன்பட்டது. அதில் 6 பிட் இம்ப்பின் வரிசை எண். மீதி 2 பிட், அந்த இம்ப்பில் எந்தப் போர்ட் என்பதைச் சொல்லும். எனவே முதலாம் இம்ப்பின் நான்கு போர்ட்டுகளுக்கும் 1, 65, 129, 193 என்ற எண்கள் அமைந்தன. இரண்டாம் இம்ப்புக்கு 2, 66, 130, 194. போர்ட் எண்ணை 64-ஆல் பெருக்கி இம்ப் எண்ணைக் கூட்டினால் கணக்குச் சரியாக வரும்.

இந்த எண் கணினிக்கு உரியதாகத் தோன்றினாலும், உண்மையில் கணினியின் கம்பி செருகியிருக்கும் இடத்துக்கு உரியது. கம்பியைப் பக்கத்துப் போர்ட்டில் மாற்றிச் செருகினால் அதே கணினிக்கு வேறு எண் வந்துவிடும். வடிவமைத்தவர்களுக்கு இது மிகவும் வசதியாக இருந்தது. எண்ணைப் பார்த்ததும் எந்த இம்ப், எந்தக் கம்பி என்று தெரிந்துவிடும். வேறு பட்டியல் எதையும் தேட வேண்டியதில்லை. நினைவகம் மிகக் குறைவாக இருந்த காலத்தில் இது சிறிய சேமிப்பல்ல.

குறை விரைவிலேயே தெரிய வந்தது. ஆர்ப்பாநெட்டின் தொடக்ககாலப் பணியாளர்களில் ஒருவரான ஜான் டே இதைப் பின்னாளில் எழுதியிருக்கிறார். 1970-களின் தொடக்கத்தில் ஓக்லஹோமாவில் உள்ள டிங்கர் விமானப்படைத் தளம் ஆர்ப்பாநெட்டில் சேர்ந்தது. ஓர் இணைப்பு அறுந்தாலும் மற்றது இருக்கட்டும் என்று தங்கள் கணினியை இரண்டு இம்ப்புகளுடன் இணைக்க அவர்கள் விரும்பினர். ஆனால் வலையமைப்பின் பார்வையில் இரண்டு எண் என்றால் இரண்டு கணினிகள். முதல் எண்ணுக்கு அனுப்பிய செய்தி, அந்தக் கம்பி அறுந்தால் அங்கேயே நின்றுவிடும். அதே கணினியை இன்னொரு வழியாக அடையலாம் என்பதை அறிய ஆர்ப்பாநெட்டுக்கு வழியே இல்லை.

நான்கு மாட வீதிகளிலும் வாசல் உள்ள ஒரு பெரிய கோயிலை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கோபுர வாசலுக்கும் அந்தந்த வீதியின் கதவு எண்ணை இட்டு, கோயிலுக்கென்று தனி எண் எதுவும் தராமல் விட்டுவிட்டார்கள் என்று கொள்க. கீழமாட வீதி எண்ணுக்கு வந்த கடிதம், கிழக்கு வாசல் பூட்டியிருந்தால் திரும்பிப் போய்விடும். தெற்கு வாசல் திறந்தே இருந்தாலும், இரண்டும் ஒரே கோயில்தான் என்று சொல்லும் குறிப்பு தபால்காரர் கையில் கிடையாது. டிங்கர் தளத்தின் சிக்கல் இதுதான்.

1981-இல் உறுதியான முடிவு

பல வலையமைப்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் முயற்சி 1970-களில் நடந்தது. 1977 நவம்பரில் ஆர்ப்பாநெட், வானொலி வலையமைப்பு, செயற்கைக்கோள் வலையமைப்பு ஆகிய மூன்றையும் கடந்து தரவு அனுப்பிக் காட்டினார்கள். இவற்றுக்கு நடுவே நின்ற கருவிக்கு அன்று கேட்வே, அதாவது வாயில், என்று பெயர். திசைவி என்ற பொருள்தரும் பெயர் பின்னர் வந்தது.

இந்தக் காலத்தில் சொற்களைத் தெளிவுபடுத்தும் தேவை எழுந்தது. ஜெராக்ஸ் ஆய்வகத்தின் ஜான் ஷாக் 1978-இல் எழுதிய குறிப்பில் பெயர், முகவரி, வழி ஆகிய மூன்றையும் பிரித்துக் காட்டினார். எதைத் தேடுகிறோம் என்பது பெயர். அது எங்கே இருக்கிறது என்பது முகவரி. அங்கே எப்படிப் போவது என்பது வழி. 1981 செப்டம்பரில் ஜான் போஸ்டல் பதிப்பித்து வெளியிட்ட ஆர்எஃப்சி 791 என்னும் ஐபி விதிநூலும் இந்தப் பாகுபாட்டை ஏற்றுக்கொண்டது. ஆனால் 'எங்கே' என்பதற்கு அது கொண்ட பொருள் பழைய பொருள்தான்: கம்பி செருகியிருக்கும் இடம். ஒரு கணினிக்குப் பல இடைமுகங்கள் இருக்கலாம், அவற்றுக்குப் பல முகவரிகள் இருக்கலாம் என்றும் அது இடம் கொடுத்தது.

பழையதன் தொடர்ச்சியை எண்களிலேயே காணலாம். புதிய 32 பிட் முகவரியில் ஆர்ப்பாநெட்டுக்கு 10 என்ற வலையமைப்பு எண் கிடைத்தது. அங்கே 10.2.0.6 என்றால், 6-ஆம் இம்ப்பின் 2-ஆம் போர்ட் என்று பொருள். கணினியைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லவில்லை. 1990-இல் ஆர்ப்பாநெட் மூடப்பட்ட பின் அந்த 10 பொதுப் பயன்பாட்டுக்கு விடப்பட்டது. இன்று அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் 10 என்று தொடங்கும் தனி முகவரிகள் அதன் மிச்சமே.

வேறு வழி இல்லாமல் இப்படிச் செய்ததாகச் சொல்ல முடியாது. டிஜிட்டல் நிறுவனத்தின் டெக்நெட் வலையமைப்பில் முகவரி கருவிக்கே தரப்பட்டது. எத்தனை கம்பி இருந்தாலும் எண் ஒன்றுதான். எம்ஐடி பேராசிரியர் ஜெரோம் சால்ட்சர் 1982-இல் எழுதிய கட்டுரையில் சேவை, கணு, இணைப்புப் புள்ளி, பாதை என்ற நான்கையும் வேறுவேறாகப் பெயரிட வேண்டும் என்று விளக்கினார். கணு என்பது கருவி. இணைப்புப் புள்ளி என்பது கம்பி செருகும் இடம். ஐபி முகவரி இரண்டாவதற்கு மட்டும் பெயரிட்டது. திசைவியைக் கட்டமைப்பதில் பின்னால் வந்த ஏற்பாடுகளில் பலவும் இந்த விடுபட்ட பெயரை ஈடுசெய்ய எடுத்த முயற்சிகள்.

இரண்டாவது எண் எப்படி வந்தது

பெர்க்லி பல்கலைக்கழகம் 1983-இல் வெளியிட்ட 4.2பிஎஸ்டி யூனிக்ஸில் 'இஃப்கான்ஃபிக்' என்ற கட்டளை வந்தது. இடைமுகத்தைக் கட்டமை என்பதன் சுருக்கம் அது. இடைமுகத்தின் பெயரையும் ஒரு முகவரியையும் தட்டினால் வேலை முடிந்தது. சப்நெட் மாஸ்க் என்ற இரண்டாவது எண் அப்போது தேவைப்படவில்லை. முகவரியின் முதல் சில பிட்டுகளைப் பார்த்தே, அது ஏ, பி, சி வகுப்புகளில் எதைச் சேர்ந்தது, அதில் எவ்வளவு பகுதி வலையமைப்பு எண் என்பதைக் கணினி அறிந்துகொள்ளும்.

ஈத்தர்நெட் பரவியதும் நிலை மாறியது. எம்ஐடிக்கு 18, ஸ்டான்போர்டுக்கு 36 என்று ஒவ்வொரு ஏ வகுப்பு எண் இருந்தது. ஒவ்வொன்றிலும் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட முகவரிகள். ஆனால் வளாகத்தில் கட்டடத்துக்குக் கட்டடம் தனித்தனி ஈத்தர்நெட். முகவரி இடைமுகத்துக்கு உரியது என்றால் ஒவ்வொரு ஈத்தர்நெட்டுக்கும் தனி வலையமைப்பு எண் வேண்டும். அப்படிக் கொடுத்தால் உலகின் எல்லா வாயில்களும் அந்தக் கட்டடங்களின் பட்டியலைச் சுமக்க வேண்டும். ஸ்டான்போர்டின் ஜெஃப்ரி மோகல் 1984-இல் ஒரு தீர்வை முன்வைத்தார். அடுத்த ஆண்டு அவரும் போஸ்டலும் சேர்ந்து எழுதிய ஆர்எஃப்சி 950 அதை நிலைப்படுத்தியது. வெளியுலகுக்கு ஒரே எண்ணைக் காட்டி, உள்ளே அதைத் துணை வலையமைப்புகளாகப் பிரிப்பது அந்தத் தீர்வு. எத்தனை பிட் வரை வலையமைப்பைச் சேர்ந்தது என்பதை முகவரியைப் பார்த்து இனி ஊகிக்க முடியாது; தனியாகச் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதுதான் மாஸ்க். கட்டளையில் இரண்டு எண்கள் இருப்பதன் காரணம் இதுவே.

ஆர்எஃப்சி 950-இல் ஒரு தடை இருந்தது. துணை வலையமைப்பு எண்ணின் பிட்டுகள் எல்லாம் 0 ஆகவோ எல்லாம் 1 ஆகவோ இருக்கக் கூடாது. 192.168.1.0 என்ற வலையமைப்பை 255.255.255.192 என்ற மாஸ்க்கால் பிரித்தால் 0, 64, 128, 192 என நான்கு துண்டுகள் வர வேண்டும். இத்தடையால் 64, 128 ஆகிய இரண்டு மட்டுமே மிஞ்சின, பாதி வீண். 1995 டிசம்பரில் வந்த ஆர்எஃப்சி 1878 இந்த வழக்கம் காலாவதியானது என்று சொல்லிவிட்டது. சிஸ்கோ மென்பொருளின் 12.0 பதிப்பு முதல் பூச்சியத் துணை வலையமைப்பு இயல்பாகவே அனுமதிக்கப்படுகிறது. ஆயினும் இரண்டைக் கழிக்கும் பழைய சூத்திரம் பாட நூல்களில் வெகுநாள் நீடித்தது. முகவரிகளை எண்ணும்போது இரண்டைக் கழிப்பதும், துணை வலையமைப்புகளை எண்ணும்போது இரண்டைக் கழிப்பதும் வேறுவேறு என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். முதலாவது இன்றும் உண்டு. இரண்டாவது இன்று இல்லை.

இரண்டு முனைக்கு 254 முகவரி

சென்னை அலுவலகத்துத் திசைவியையும் மதுரை அலுவலகத்துத் திசைவியையும் ஒரு குத்தகைக் கம்பி இணைப்பதாகக் கொள்வோம். அந்தக் கம்பிக்கு இரண்டு முனைகள்தான். மூன்றாவது கருவி அதில் சேரவே முடியாது. இருந்தாலும் இரு முனைகளும் இடைமுகங்கள் என்பதால் முகவரி வேண்டும். அந்தக் கம்பிக்கென்று ஒரு துணை வலையமைப்பும் வேண்டும்.

1988-இல் ஆர்எஃப்சி 1058 ஆகப் பதிவான ரிப் என்னும் வழிகாட்டு நெறிமுறை, வலையமைப்பு எண்ணை மட்டும் பக்கத்துத் திசைவிக்குச் சொல்லும், மாஸ்க்கைச் சொல்லாது. ஆகவே ஒரு வலையமைப்பின் எல்லாத் துணை வலையமைப்புகளுக்கும் ஒரே மாஸ்க் இருக்க வேண்டியதாயிற்று. அலுவலக ஈத்தர்நெட்டுக்கு 255.255.255.0 என்றால், இரண்டு முனைக் கம்பிக்கும் அதேதான். அங்கே 254 முகவரிகளில் 252 வீண். பத்துக் கிளைகள் இருந்தால் இருபது முனைகளுக்காக 2,540 முகவரிகள் போய்விடும்.

மாஸ்க்கையும் சேர்த்துச் சொல்லும் ஓஎஸ்பிஎஃப் போன்ற நெறிமுறைகள் வந்த பிறகே இடத்துக்கேற்ற மாஸ்க் இட முடிந்தது. 1993-இல் வகுப்புப் பிரிவினையையே நீக்கிய சிடர் முறையும் வந்தது. இரண்டு முனைக் கம்பிக்கு /30, அதாவது 255.255.255.252 என்ற மாஸ்க் வழக்கமாயிற்று. இதில் நான்கு முகவரிகள்: 10.1.1.0 வலையமைப்பைக் குறிக்கும், 10.1.1.3 அனைவருக்குமான ஒலிபரப்பு முகவரி, இடையில் உள்ள 10.1.1.1, 10.1.1.2 இரண்டும் இரு முனைகளுக்கு. இங்கும் பாதி வீணாகிறது. இருவர் மட்டுமே உள்ள இடத்தில் 'அனைவருக்கும்' என்று ஒரு முகவரி எதற்கு? 2000 டிசம்பரில் வந்த ஆர்எஃப்சி 3021 அந்த இரண்டையும் விட்டுவிட்டு /31 மாஸ்க்கை அனுமதித்தது.

இதற்கு இணையாக இன்னொரு வழியும் இருந்தது. கம்பிக்கு முகவரியே தராமல், 'ஐபி அன்நம்பர்டு' என்ற கட்டளையால் அதே திசைவியின் வேறோர் இடைமுகத்தின் முகவரியைக் கடன் வாங்குவது. சிக்கனமான வழிதான். ஆனால் அந்த இடைமுகத்தை மட்டும் பிங் செய்து சோதிக்க முடியாது. அதற்குச் சொந்த முகவரி இல்லையே.

செய்யும் வேலையிலும் ஆபத்து உண்டு. தொலைவிலிருந்து ஒரு திசைவிக்குள் நுழைபவர் அதன் ஏதேனும் ஓர் இடைமுக முகவரி வழியாகவே நுழைகிறார். அந்த முகவரியை மாற்றும்போது ஓர் இலக்கம் தவறினால் அவருடைய இணைப்பே அறுந்துவிடும். நுனிக் கொம்பில் அமர்ந்து அடிமரத்தை வெட்டிய கதைதான். பிறகு ஒருவர் அந்த ஊருக்கு நேரில் போய்க் கன்சோல் கேபிளைச் செருக வேண்டும். ஜூனிப்பர் திசைவிகளில் உள்ள 'கமிட் கன்ஃபர்ம்டு' கட்டளை இதற்காகவே உள்ளது. குறித்த நேரத்துக்குள், சாதாரணமாகப் பத்து நிமிடத்துக்குள், மீண்டும் உறுதி செய்யாவிட்டால் திசைவி தானாகவே பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும்.

கம்பி இல்லாத இடைமுகம்

1989-இல் பிஜிபி நெறிமுறை வந்தபோது டிங்கர் தளத்தின் சிக்கல் திசைவிகளுக்கே வந்து சேர்ந்தது. பிஜிபி பேசும் இரு திசைவிகள் ஒன்றையொன்று ஐபி முகவரியால் அறிந்து, தொடர்ச்சியான ஓர் இணைப்பை வைத்திருக்கும். ஒரே நிறுவனத்தின் இரு திசைவிகளுக்கு நடுவே இரண்டு கம்பிகள் இருக்கின்றன. பிஜிபி இணைப்பு முதல் கம்பியின் முகவரியில் அமைந்திருக்கிறது. அந்தக் கம்பி அறுந்தால் அந்த முகவரி மறைகிறது, பிஜிபி இணைப்பும் விழுகிறது. இரண்டாவது கம்பி நன்றாக இருந்தும் பயனில்லை.

தீர்வு, லூப்பேக் இடைமுகம். இது மென்பொருளில் மட்டும் உள்ள கற்பனையான இடைமுகம். இதில் கம்பி இல்லை. அதனால் அறுவதற்கும் எதுவும் இல்லை. இதற்கு /32 என்று ஒற்றை முகவரி இட்டு, அதை ஓஎஸ்பிஎஃப் வழியாக மற்றத் திசைவிகளுக்குத் தெரிவித்தால், எந்தக் கம்பி வழியாகவேனும் அந்த முகவரியை அடையலாம். பிஜிபியை லூப்பேக் முகவரியில் அமைப்பது நிறுவனங்களின் உள் வலையமைப்பில் இன்று வழக்கமான முறை. நிர்வாகிகள் திசைவிக்குள் நுழைவதும் பெரும்பாலும் இதன் வழியாகவே.

இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1981-இல் கருவிக்கு முகவரி தர மறுத்த ஏற்பாட்டில், ஒரு பொய் இடைமுகத்தை உண்டாக்கி, அதற்கு முகவரி இட்டு, அதையே கருவியின் முகவரியாகப் பயன்படுத்துகிறார்கள். சால்ட்சர் கேட்ட கணுப் பெயர் புறக்கடை வழியாக வீட்டுக்குள் வந்துவிட்டது.

1992-இல் தவறிய வாய்ப்பு

32 பிட் முகவரிகள் தீர்ந்துபோகும் என்பது 1990-களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. 1992-இல் ஜப்பானின் கோபே நகரில் கூடிய இணையக் கட்டமைப்பு வாரியம், ஓஎஸ்ஐ தொகுப்பைச் சேர்ந்த சிஎல்என்பி நெறிமுறையை அடிப்படையாகக் கொள்ளலாம் என்று கருதியது. அதில் முகவரி கருவிக்கு உரியது. ஆனால் அடுத்த மாதம் மாசச்சூசெட்ஸில் நடந்த பொறியாளர் கூட்டத்தில் கடும் எதிர்ப்பு எழுந்து அந்த யோசனை கைவிடப்பட்டது. எதிர்ப்புக்கு முதன்மைக் காரணம் முகவரி பற்றிய தத்துவம் அல்ல. முடிவெடுக்கும் உரிமை யாருக்கு, ஓஎஸ்ஐ அமைப்பின் பிடிக்குள் போகலாமா என்பவையே. எனினும் கருவிக்கு முகவரி தரும் வாய்ப்பும் அத்துடன் போயிற்று.

1995-இல் முதல் விதிநூல் வெளிவந்த ஐபி 6-ஆம் பதிப்பு, முகவரி இடைமுகத்துக்கே என்று ஐயத்துக்கு இடமின்றி எழுதிவைத்தது. முகவரியின் நீளம் 128 பிட் ஆனதே மாற்றம். இரண்டு முனைக் கம்பிக்கும் /64 தரும் வழக்கம் வந்தது. அவ்விரண்டு முனைகளுக்காக ஒதுக்கப்படும் முகவரிகளின் எண்ணிக்கை இரண்டின் 64-ஆம் அடுக்கு. அது வீண் என்பதை விட, அதில் இல்லாத முகவரிக்கு அனுப்பிய பொதி இரு திசைவிகளுக்கும் இடையே பந்துபோல் போய்வந்து கொண்டிருக்கும் சிக்கலே பெரிதாக இருந்தது. 2003-இல் தீங்கானது என்று ஓர் ஆர்எஃப்சி எச்சரித்த /127 மாஸ்க்கை, 2011-இல் ஆர்எஃப்சி 6164 திசைவிகளுக்கு இடையிலான கம்பிகளுக்குப் பரிந்துரைத்தது.

புதிய பதிப்பு கொண்டுவந்த உண்மையான வசதி வேறு. ஒவ்வொரு இடைமுகமும் எஃப்இ80 என்று தொடங்கும் உள்ளூர் முகவரி ஒன்றைத் தானே உருவாக்கிக்கொள்ளும். அது அந்தக் கம்பிக்குள் மட்டும் செல்லும். பெரிய தரவு மையங்களில் ஆயிரக்கணக்கான கம்பிகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் /31 கணக்கிட்டுத் தட்டுவது முடிகிற வேலையல்ல. 2009-இல் வந்த ஆர்எஃப்சி 5549, பழைய 4-ஆம் பதிப்பு வழிகளுக்கும் 6-ஆம் பதிப்பு முகவரியை அடுத்த நிலையமாகக் காட்டலாம் என்றது. இதைக் கொண்டு பல தரவு மையங்களில் இன்று கம்பிகளுக்கு யாரும் முகவரி இடுவதில்லை. லூப்பேக்குக்கு மட்டும் இடுகிறார்கள்.

லினக்ஸ் கணினியில் இரண்டு ஈத்தர்நெட் அட்டைகளைச் செருகி, இரண்டுக்கும் வேறுவேறு முகவரி இட்டு, இரண்டையும் ஒரே சுவிட்சில் இணைப்பவர்கள் ஒரு வியப்பைக் காண்பார்கள். முதல் அட்டையின் முகவரி யாருடையது என்று வலையமைப்பில் கேட்டால் இரண்டாவது அட்டையும் 'என்னுடையது' என்று பதில் சொல்லும். இது பிழையன்று. கணினிகளுக்கான 1989-ஆம் ஆண்டின் விதிநூலான ஆர்எஃப்சி 1122, முகவரியை இடைமுகத்துடன் கட்டிவைக்கும் கடுமையான முறை, அப்படிக் கட்டாத தளர்வான முறை என இரண்டையும் விவரித்து, இரண்டுக்கும் இடம் விட்டது. லினக்ஸ் தளர்வான முறையைப் பின்பற்றுகிறது. எந்த அட்டையில் தட்டப்பட்டிருந்தாலும் முகவரி முழுக் கணினிக்கும் சொந்தம் என்பது அதன் கணக்கு. கடுமையான முறை வேண்டுபவர்கள் 'ஏஆர்பி இக்னோர்' என்ற அமைப்பின் மதிப்பை 0-இலிருந்து 1 ஆக மாற்றிக்கொள்கிறார்கள்.